ஆபரேஷனுக்கு முந்தைய இரவு காலில் கத்தி வைக்காதீர்கள்

நரம்பு சுருட்டிக்கொண்ட காலுக்கு அறுவை சிகிச்சை. அல்லது முழங்கால் மூட்டு மாற்று. அல்லது எலும்பு முறிந்தபோது வைத்த தகட்டை எடுக்க வேண்டும். கறம்பக்குடியிலோ பொன்னமராவதியிலோ மணமேல்குடியிலோ இருக்கும் ஒரு குடும்பம் அதற்கு முந்தைய நாள் என்னென்ன செய்யும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். காப்பீட்டு அட்டை, ஆதார் நகல், எக்ஸ்ரே படங்கள், பிளாஸ்க், பாய், போர்வை என்று ஒரு பை தயாராகும். அதோடு இன்னொரு வேலையும் இருக்கும். 'முடியையெல்லாம் சுத்தமா எடுத்துட்டு வந்துருங்க' என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும், முன்பு ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். நோயாளி குளியலறையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, காலில் சோப்பு நுரையைத் தடவி, சவரக்கத்தியாலோ பாதி பிளேடாலோ தொடையிலிருந்து கணுக்கால் வரை வழித்துக்கொள்வார். கை எட்டாத இடத்தை மகனோ மனைவியோ வழித்துவிடுவார்கள். மழமழவென்று ஆன காலைத் தடவிப் பார்க்கும்போது, டாக்டருக்கு நம்மால் ஆன ஒத்தாசையைச் செய்துவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு நிறைவு வரும். அந்த நிறைவு தவறான இடத்தில் வந்த நிறைவு. அன்று இரவு அந்தக் கால் சுத்தமாகவில்லை, காயம்பட்டிருக்கிறது. மறுநாள் கத்தி படப்போகும் இடத்தில், முந்தைய இரவே நூறு சிறு கீறல்களைப் போட்டு வைத்திருக்கிறோம்.

சவரம் என்றால் முடியை மட்டும் எடுப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் தோலின் மேலடுக்கும் சேர்ந்தே சுரண்டப்படுகிறது. முடி முளைக்கும் குழியின் வாய் சற்றே மேடாக இருக்கும். கத்தி அந்த மேட்டைச் சீவிக்கொண்டுதான் போகும். ரத்தம் வந்தால்தான் வெட்டு என்பது நம் கணக்கு. ரத்தம் வராத, கண்ணுக்குத் தெரியாத வெட்டுகளை நுண்ணோக்கியில் பார்க்கலாம். சவரம் செய்த பிறகு படிகாரமோ வாசனைத் திரவமோ தடவினால் சுரீர் என்று எரிகிறதே, அந்த எரிச்சல்தான் அவற்றுக்குச் சாட்சி. கீறல் இல்லாத முழுத் தோலில் அவை பட்டால் அப்படி எரியாது. ஒவ்வொருவரின் தோலிலும் கோடிக்கணக்கான கிருமிகள் சாதாரணமாகவே குடியிருக்கின்றன. சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இனமும் அவற்றில் உண்டு. தோல் முழுதாக இருக்கும்வரை அவை வாசலுக்கு வெளியே நிற்கும். கீறல் விழுந்தால் உள்ளே வந்து பெருகும். இரவு எட்டு மணிக்குக் கீறிவிட்டுக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் மேசையில் படுத்தால், பெருகுவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்தை நாமே கொடுத்திருக்கிறோம்.

உடம்பின் மற்ற இடங்களைவிடக் காலில் இந்த ஆபத்து கூடுதல். சவரக்கத்திக்கு ஏற்ற இடம் கன்னம். அங்கே தோல் நன்றாக நெகிழும், கண்ணாடியில் தெரியும், கை இயல்பாகப் போய்ச் சேரும். மடக்குக் கத்தியைத் தோலோடு சாய்த்துப் பிடித்து, இன்னொரு கையால் தோலை இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டால்தான் அது வெட்டாமல் வழிக்கும். நாவிதர் பல ஆண்டுகள் பழகிக் கற்பது இந்த இரண்டு கை ஒத்திசைவைத்தான். இதைத் தன் காலிலேயே செய்து பார்க்கிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் எலும்பு தோலை ஒட்டி நிற்கிறது, கத்தி அமுங்க இடமே இல்லை. முழங்கால் சில்லு மேடு பள்ளமாக இருக்கிறது. கெண்டைக்காலும் முழங்காலின் பின்மடிப்பும் கண்ணுக்கே தெரிவதில்லை. கணுக்கால் எலும்பைச் சுற்றி வளைக்கும்போது கத்தியின் சாய்வு தானாக மாறிவிடும். முடியும் ஒரே திசையில் படிந்திருப்பதில்லை. கத்திக்கும் தோலுக்கும் நடுவே தடுப்பு வைத்த பாதுகாப்பு ரேசரை 1900-களின் தொடக்கத்தில் கில்லெட் உலகமெங்கும் விற்க முடிந்ததற்குக் காரணமே, திறந்த கத்தியால் தன்னைத்தானே மழித்துக்கொள்வது பெரும்பாலானவர்களுக்குக் கைவராத வித்தை என்பதுதான். முகத்துக்கே அப்படி என்றால் காலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலில் புண் ஆறுவதும் மெதுவாகத்தான். முகத்தில் போட்ட தையலை ஐந்தாம் நாள் வாக்கில் பிரித்துவிடுவார்கள். காலில் போட்ட தையலைப் பிரிக்க பத்து முதல் பதினான்கு நாள் காத்திருப்பார்கள். ரத்த ஓட்டத்தில் உள்ள வித்தியாசம் அது.

இதெல்லாம் ஊகம் இல்லையா, யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பது நியாயம். எண்ணியிருக்கிறார்கள், அரை நூற்றாண்டுக்கும் மேலாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1971-இல் அமெரிக்காவில் செரோப்பியன், ரெனால்ட்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் ரேசரால் மழிக்கப்பட்டவர்களில் 100-க்கு 5.6 பேருக்குக் காயத்தில் சீழ் பிடித்தது. முடியை மழிக்காமல் விட்டவர்கள், முடி நீக்கும் களிம்பைப் பயன்படுத்தியவர்கள் ஆகியோரில் அது 0.6 மட்டுமே. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் ஊர் வழக்கத்துக்கு நேராகப் பொருந்துவது அதுதான். ஆபரேஷனுக்குச் சற்று முன்பு மழித்தவர்களில் 3.1 சதவீதம், 24 மணி நேரத்துக்குள் மழித்தவர்களில் 7.1 சதவீதம், அதற்கும் முன்பே மழித்தவர்களில் 20 சதவீதம் பேருக்குச் சீழ் பிடித்தது. முன்கூட்டியே பொறுப்பாக மழித்துக்கொண்டு போகிறவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார் என்பது இதன் பொருள். கனடாவின் கால்கரி நகரில் குரூஸ், ஃபோர்ட் என்ற இருவர் ஆயிரக்கணக்கான அறுவைக் காயங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 1970-களில் வெளியிட்ட கணக்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது. மழித்தவர்களில் 2 சதவீதத்துக்கு மேல், முடியைக் கத்தரித்தவர்களில் 1.7, எதுவுமே செய்யாதவர்களில் 0.9.

பழைய ஆய்வுகள்தானே, நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்லவே என்று ஒரு மருத்துவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. 1971-இல் இருந்த ஆபரேஷன் அரங்கம் வேறு, மருந்துகள் வேறு. அந்த 20 சதவீதத்தை அப்படியே தூக்கிவந்து இன்றைய புதுக்கோட்டைக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் பின்னால் வந்த முறையான சோதனைகளும் திசையை மாற்றவில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் 25 சோதனைகளை, 8,919 பேரின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்தது. ரேசரால் மழித்தால், முடியை அப்படியே விடுவதைவிடத் தொற்று ஏறத்தாழ 1.8 மடங்கு கூடுகிறது என்பது அதன் முடிவு. இயந்திரத்தால் முடியைக் குறைத்தாலும், ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2016 நவம்பரில், அறுவைக் காயத் தொற்றைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் 29 பரிந்துரைகளை வெளியிட்டது. முடியை எடுக்க வேண்டாம், எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர் இயந்திரத்தால் மட்டும் குறையுங்கள், மழிப்பதை எந்த நேரத்திலும் செய்யாதீர்கள் என்பது அவற்றில் ஒன்று. இதற்கு அந்த நிறுவனம் கொடுத்த தகுதி 'வலுவான பரிந்துரை'. வீட்டில் மழிப்பதற்கும் ஆபரேஷன் அரங்கில் மழிப்பதற்கும் அதில் விதிவிலக்கு இல்லை.

பிறகு ஏன் கத்தி போகவில்லை? வழக்கம் ஆய்வைவிட மூத்தது. கிருமிதான் சீழுக்குக் காரணம் என்று 1860-களில் அறுவை மருத்துவர் லிஸ்டர் நிறுவிய பிறகு, ஆபரேஷன் செய்யும் இடத்தைத் துடைத்துத் துலக்குவது மருத்துவத்தின் அடிப்படை ஒழுக்கமாயிற்று. அந்த ஆர்வத்தில் முடியும் அழுக்கோடு சேர்க்கப்பட்டது. மழித்த தோல் பார்வைக்குச் சுத்தமாக இருந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டவர்கள் இல்லாமலும் இல்லை. பிரசவத்துக்கு முன் பெண்களை மழிப்பதால் தொற்று குறைகிறதா என்று 1922-லேயே அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. குறையவில்லை என்று தெரிந்தது. நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. சாதாரண பிரசவத்தில் இப்படி மழிப்பதைத் தீங்கானவை அல்லது பயனற்றவை என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 1996-இல் சேர்த்தது, 2018-இல் மறுபடியும் சொன்னது. இருந்தும் பிரசவ அறையில் பிளேடோடு நின்ற உதவியாளரை நம் அம்மாக்கள் மறக்கவில்லை. அந்த எரிச்சலையும், முடி திரும்ப முளைக்கும்போது வந்த அரிப்பையும், அதைவிட மோசமான கூச்சத்தையும் எந்த நோய்க்குறிப்பேட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

முடியில் அழுக்கும் கிருமியும் தங்காதா, வயல் சேற்றிலும் செம்மண்ணிலும் நடக்கிற கால் அல்லவா என்பது நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி. கந்தர்வகோட்டை முந்திரிக்காட்டில் வேலை செய்கிறவருக்கும், கீரமங்கலத்தில் பூப்பறிக்கிறவருக்கும், ஜெகதாப்பட்டினத்தில் வலை இழுக்கிறவருக்கும் காலில் மண்ணும் உப்பும் படிவது உண்மைதான். ஆனால் அழுக்கு முடியின் மேலே இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆபரேஷன் மேசையில் மருத்துவர்கள் தடவும் கிருமிநாசினி முடி உள்ள தோலிலும் வேலை செய்யும். ஆனால் கீறலுக்குள் இறங்கிப் பெருகிவிட்ட கிருமியை மேலே தடவுகிற எதுவும் முழுதாகத் துரத்தாது. கழுவக்கூடிய அழுக்கை எடுக்கப்போய், கழுவ முடியாத இடத்துக்கு அதை அனுப்பி வைக்கிறோம்.

அடுத்த கேள்வி கோயிலிலிருந்து வரும். நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்கும் விராலிமலை முருகனுக்கும் தலைமுறை தலைமுறையாக மொட்டை போடுகிறோம், கைக்குழந்தைக்கும் போடுகிறோம், யாருக்குச் சீழ் பிடித்தது? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இது கண்ணால் கண்டதை வைத்துக் கேட்கப்படுவது. பதில் இரண்டு. உச்சந்தலை உடம்பிலேயே ரத்த ஓட்டம் மிகுந்த இடங்களில் ஒன்று, அங்கே விழும் கீறல் வேகமாக மூடிக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, மொட்டை போட்ட மறுநாள் அந்தத் தலையை யாரும் அறுத்துத் திறப்பதில்லை. சவரக் கீறல்கள் தாமாகவே ஆறிவிடுகின்றன, உடம்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கீறல்களுக்கு நடுவே தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் பிளந்துகொண்டு எலும்புவரை ஒரு வழி திறக்கும்போதுதான், சில நேரம் உள்ளே இரும்புத் தகடோ செயற்கை மூட்டோ வைத்துத் தைக்கும்போதுதான், சின்னக் கீறல் பெரிய செய்தியாகிறது. உலோகத்தில் போய் ஒட்டிக்கொண்ட கிருமியை மருந்தால் அகற்றுவது மிகக் கடினம். பல நேரங்களில் வைத்ததைத் திரும்ப எடுக்க வேண்டிவரும்.

'இத்தனை வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகலையே' என்பது மருத்துவமனைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒருசேரக் கேட்கும் பதில். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. 100 பேரில் 5 பேருக்குச் சீழ் பிடித்தால் 95 பேருக்கு ஒன்றும் ஆகாது. ஆகாதவர்கள் சொல்வதுதான் ஊரில் அதிகம் கேட்கும். ஆனவருக்கோ வேறு காரணங்கள் கிடைத்துவிடும். சர்க்கரை ஏறியிருந்தது, தண்ணீர் பட்டுவிட்டது, கருவாடு தின்றுவிட்டார், கத்தரிக்காய் சாப்பிட்டார். செப்டிக் ஆகிவிட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். முந்தைய இரவின் கத்தியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு 200 ஆபரேஷன் நடக்கும் ஒரு வார்டில், 1971 ஆய்வின் கணக்கை ஓர் உதாரணத்துக்காகப் போட்டுப் பார்த்தால், மழித்தால் 11 பேர், மழிக்காவிட்டால் ஒருவர். ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் அந்தப் பத்துப் பேர் எந்த ஒரு செவிலியரின் கண்ணிலும் கூட்டமாகத் தெரிய மாட்டார்கள். நோட்டுப் போட்டு எண்ணினால்தான் தெரிவார்கள். வளரும் நாடுகளில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் 100-க்கு 11 பேருக்குத் தொற்று வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 11 பேருக்கும் சவரம் காரணமில்லை. காரணங்கள் பல. ஆனால் செலவே இல்லாமல், செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையை நிறுத்துவதாலேயே குறைக்கக்கூடிய காரணம் இது.

தொற்று என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சதவீதத்தில் அது தெரியாது. தையல் போட்ட இடம் சிவந்து சூடாகி, ஒரு முனையில் பிளந்து நீர் கசியும். தினம் டிரெஸ்ஸிங். அதற்கு ஆட்டோ, துணைக்கு ஓர் ஆள், அவருக்கு அன்றைய கூலி போச்சு. ஆபரேஷன் இலவசமாக நடந்திருக்கலாம், முதலமைச்சர் காப்பீட்டில் நடந்திருக்கலாம். மூன்று வாரத்தில் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர் மூன்று மாதம் திண்ணையில் கிடப்பதற்கு எந்தக் காப்பீடும் கூலி தராது. கல்குவாரியிலும் நூறு நாள் வேலையிலும் நின்று சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இது ஒரு கடனில் போய் முடியும்.

நல்ல நாவிதர் கையில் கொடுத்தால் கீறாமல் எடுப்பாரே என்ற வாதத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன், அந்தக் கைத்திறன் உண்மையானது என்பதால். நம் ஊர்களில் நாவிதர் குடும்பங்களை மருத்துவர் என்றே அழைத்தார்கள். கட்டியைக் கீறியதும் புண்ணுக்கு மருந்து கட்டியதும் அவர்கள். பிரசவம் பார்த்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளை மழிப்பதற்கென்றே பணியிடம் வைத்திருந்த காலமும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கைத்திறன் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. கத்தியின் வேலையே தோலின் மட்டத்தில் வெட்டுவது. இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய வேறொரு பாடமும் அதே சலூனில்தான் இருக்கிறது. இன்று புதுக்கோட்டை கீழராஜ வீதி பக்கம் எந்தச் சலூனில் உட்கார்ந்தாலும் நடப்பது இதுதான்: கடைக்காரர் புது பிளேடை அதன் காகிதத்தோடு எடுப்பார், காகிதத்துக்குள்ளேயே நீளவாக்கில் மடித்து 'டக்' என்று இரண்டாக ஒடிப்பார், பாதியைக் கத்தியின் பிடிக்குள் செருகுவார், வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிடுவார். அதற்கு முன்பு, கல்லில் தீட்டித் தோல்வாரில் இழுத்துக் கூராக்கிய ஒரே கத்திதான் ஊர் முழுவதற்கும். 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. ஒருவர் ரத்தம் பட்ட கத்தி இன்னொருவருக்குப் படக் கூடாது என்ற செய்தி பரவியது. பரம்பரையாகக் கைமாறி வந்த கத்தியைச் சலூன்காரர்கள் எடுத்து வைத்துவிட்டு ஆளுக்கொரு பிளேடுக்கு மாறினார்கள். பெரிய படிப்பு இல்லாத ஒரு தொழில், ஆதாரம் வந்ததும் தன் கருவியையே மாற்றிக்கொண்டது. அதைச் செய்ய நம் ஆபரேஷன் வார்டுகளால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

மாற்றுக் கருவியும் சலூனிலேயே இருக்கிறது. 'மிஷின்' என்கிறோமே, அதன் மருத்துவமனை வடிவம்தான் கிளிப்பர். தோலைத் தொடாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முடியை விட்டு மீதியைக் கத்தரிக்கும். முடி மேல் பிளாஸ்திரி ஒட்டாதே, உரிக்கும்போது பிடுங்குமே, தையல் போடும்போது மறைக்குமே என்று அறுவை மருத்துவர்கள் சொல்வது நடைமுறை சார்ந்த கவலை. கிளிப்பர் அந்த மூன்றையும் தீர்த்துவிடும். அதன் தலைப்பகுதியை நோயாளிக்கு நோயாளி மாற்ற வேண்டும், அதற்குச் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான கால்களுக்கு அதுவும் தேவைப்படாது. பெண்கள் பலருக்கும், வயதான ஆண்களுக்கும் காலில் இருக்கும் முடி எந்த வேலைக்கும் குறுக்கே நிற்பதில்லை. தேவைப்படுகிறவருக்கு மட்டும், ஆபரேஷன் அன்று, அரங்குக்குள் கொண்டுபோவதற்குச் சற்று முன்பு, வெட்டப்போகும் இடத்தைச் சுற்றி மட்டும் குறைத்தால் போதும். தொடையிலிருந்து கணுக்கால் வரை வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆறாத காயத்துக்கு ஆகும் மருந்தும் படுக்கை நாட்களும் பல கிளிப்பர் தலைகளின் விலையைத் தாண்டிவிடும்.

ஆபரேஷன் இல்லாத சாதாரண நாட்களில் காலை மழித்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரி மாணவிகளிடமும் விளையாட்டு வீரர்களிடமும் இது பெருகியிருக்கிறது. அவரவர் கால், அவரவர் விருப்பம். அதில் ஊரார் தலையிட ஒன்றுமில்லை. கால் முடியை அசிங்கம் என்று விளம்பரம் சொல்வதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அது அழுக்கும் அல்ல, நோயும் அல்ல. விருப்பப்பட்டு எடுக்கிறவர்கள் திறந்த கத்தியையும் பாதி பிளேடையும் விட்டுவிட்டு, தடுப்பு வைத்த, தமக்கே உரிய ரேசரை, நனைத்து நுரை போட்ட தோலில், முடி படிந்த திசையில் ஓட்டட்டும். இதில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவர்கள் சர்க்கரை நோயாளிகள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெட்டியதே தெரியாது, தெரிந்தபோது புண் பெரிதாகியிருக்கும். காலில் மரமரப்பு இருக்கும் யாரும் காலில் கத்தியோ ரேசரோ வைக்கவே கூடாது.

இதைச் சொல்ல வேண்டியவர்கள் யார்? மருத்துவர்களுக்கு இது தெரியாத செய்தி இல்லை, அவர்கள் படித்த புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்துக்கும் வார்டு வாசலுக்கும் நடுவேதான் அறுந்து போகிறது. ஆபரேஷன் தேதி குறித்துத் தரும் சீட்டில் 'முடியை மழிக்காமல் வரவும்' என்று ஒரு வரி அச்சடித்தால் போதும். 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி அதற்கு முன்கை எடுக்கலாம். அறந்தாங்கியும் இலுப்பூரும் திருமயமும் தனியார் மருத்துவமனைகளும் பின்தொடரும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போகிறவர்கள், காலைப் பார்க்கும்போதே கத்தியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்படும் ஜூலை 30, இந்தப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாள். வரும் ஜூலை 30-க்குள் மாவட்டத்தின் எல்லா வார்டுகளிலிருந்தும் ரேசர் வெளியேற வேண்டும்.

அதுவரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ நாளை ஆபரேஷன் என்றால், இன்றிரவு சோப்புப் போட்டு நன்றாகக் குளியுங்கள், கால் விரல் இடுக்குகளைக் கழுவுங்கள், துவைத்த துணி உடுத்துங்கள். கத்தியைத் தொடாதீர்கள். முடி எடுக்கவில்லையா என்று காலையில் யாராவது கேட்டால், தேவையென்றால் மிஷினால் குறையுங்கள் சிஸ்டர், பிளேடு வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள்.